பழைய கோவாவில் சவேரியார் கோவிலைக் குடும்பத்தோடும் நண்பர்களோடும் பார்ப்பது எப்படி

பழைய கோவாவுக்கு வேன் பிடித்து வரும் குழுக்கள் பெரும்பாலும் அரைநாளில் ஆறு கோவில்களைப் பார்த்து முடித்துவிடுகின்றன. இரவு படங்களைத் திறந்து பார்த்தால், எந்தப் பீடம் எந்தக் கோவிலில் இருந்தது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு கோவிலை முழுசாகப் பாருங்கள், இன்னொன்றை நிதானமாகப் பாருங்கள். காலில் தெம்பு மிச்சமிருந்தால் ஓர் இடிபாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுசாகப் பார்க்க வேண்டியது போம் ஜீசஸ் பசிலிக்கா. நம்மவர்கள் அதைச் சவேரியார் கோவில் என்றே சொல்வார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இந்தக் கோவிலை முதலில் வைக்க ஒரு காரணம் உண்டு. கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையின் குரு பிரான்சிஸ் சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் கரையிறங்கினார். அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவர் ஊர்களில் தங்கி, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாகக் கற்றுக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். தூத்துக்குடியும் மணப்பாடும் கோட்டாறும் அவரைத் தங்கள் ஊர்க்காரராகவே நினைக்கின்றன. அவருடைய உடல் இருக்கும் இடம் இது. குழுவில் ‘அர்ச். சவேரியாரே’ (புனித சவேரியாரே) என்று செபிக்கும் பாட்டி ஒருவர் இருந்தால், அவருக்கு இது சுற்றுலா அல்ல, திருயாத்திரை. கூட வரும் கல்லூரி நண்பருக்கு இது நானூறு ஆண்டுப் பழைய கட்டடம். இந்த இரண்டு தேவைகளையும் பிரித்து வைத்துத் திட்டமிடாததால்தான் பாதிக் குழுக்களில் மனக்கசப்பு வருகிறது. ஒருவர் முழந்தாளிட்டுக் கண்ணை மூடியிருக்கும்போது, இன்னொருவர் அவர் தோளைத் தட்டி ‘வண்டி நிக்குது, கிளம்பலாமா’ என்கிறார்.

நாளும் நேரமும்

வார நாளாகப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஞாயிறு காலையில் அடுத்தடுத்துத் திருப்பலி (பூசை) நடக்கும். வழிபடத்தான் போகிறீர்கள் என்றால் ஞாயிறைவிட நல்ல நாள் இல்லை. சுற்றிப் பார்ப்பதென்றால் பத்தரை மணிக்கு முன் உள்ளே நடமாடலாம் என்று எண்ண வேண்டாம்.

நவம்பர் 24 முதல் நவநாள் என்னும் ஒன்பது நாள் செபம், டிசம்பர் 3 திருவிழா. அதே நாட்களில்தான் கோட்டாறு சவேரியார் கோவிலிலும் திருவிழா நடக்கும். கோவாவில் அந்தப் பத்து நாளும் கூட்டம் அலைமோதும், பூசைகள் வெளியே பந்தலில் நடக்கும். பக்திக்கு அதுவே காலம். சிற்பத்தையும் பீடத்தையும் நின்று பார்ப்பதற்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் வார நாட்கள் மேல். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். பச்சை அழகுதான், ஆனால் கல்தரையில் பாசி பிடித்து வழுக்கும். முதியவர்களைக் கூட்டிப்போக அது உகந்த பருவமல்ல.

உடலைப் பொது வணக்கத்துக்கு இறக்கி வைப்பது ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை. சென்ற முறை 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை நடந்தது. அந்த வழக்கம் மாறாவிட்டால் அடுத்தது 2034 கடைசியில். இதை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். ‘உடம்பைக் கிட்டத்தில் பார்க்கலாம்’ என்று நம்பி வருகிறவர்களின் ஏமாற்றம் பெரியது. மற்ற நாட்களில் பேழை உயரத்தில் இருக்கும். அதை எப்படிப் பார்ப்பது என்பது பின்னால் வருகிறது.

வெயிலின் திசையையும் கணக்கில் கொள்ளுங்கள். போம் ஜீசஸின் முகப்பு மேற்கு பார்த்தது, எதிரேயுள்ள சே கதீட்ரல் கிழக்கு பார்த்தது. காலையில் படம் எடுத்தால் சேயின் வெள்ளை முகப்பு பளிச்சென்று வரும், போம் ஜீசஸ் நிழலில் கறுத்து நிற்கும். மாலை நான்கு மணிக்கு மேல் நிலைமை தலைகீழ். அப்போது போம் ஜீசஸின் செம்புரைக்கல் தணலாகச் சிவக்கும். ஆனால் கூட்டமில்லாத நேரம் காலை ஒன்பதை ஒட்டி. ஆகவே உள்ளே பார்ப்பதைக் காலையில் முடியுங்கள். குடும்பப் படத்தை மட்டும் மாலைக்குத் தள்ளி வையுங்கள்.

போய்ச்சேருவது

பனாஜியிலிருந்து கிழக்கே சுமார் 10 கி.மீ. கதம்பா பேருந்து நிலையத்திலிருந்து அடிக்கடி பேருந்து உண்டு. ரயிலில் வருகிறவர்களுக்கு மிக அருகிலுள்ள நிலையம் கர்மளி. ஆனால் எல்லா வண்டியும் அங்கே நிற்காது. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து கொங்கண் பாதையில் போகும் வண்டிகளுக்கு மட்காவ்தான் வசதி. அங்கிருந்து சாலையில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். இந்த வண்டிகள் வாரத்துக்கு ஓரிரு நாள்தான் ஓடுகின்றன. டிசம்பர் பயணத்துக்கு முன்பதிவு திறக்கும் அன்றே சீட்டு எடுத்துவிடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் இரண்டு கார்களைவிட ஒரு டெம்போ டிராவலர் நல்லது. இரண்டு காரில் போனால் ஒன்று எப்போதும் பின்தங்கும், முன்னால் வந்தவர்கள் வெயிலில் நிற்பார்கள். வாடகை பேசும்போதே காத்திருப்புக் கட்டணத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். ஓட்டுநரிடம் ‘ஏழு இடம் காட்டுங்கள்’ என்று கேட்காமல், ‘பழைய கோவாவில் நாலரை மணி நேரம் நிற்கணும்’ என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த இடத்துக்கு அவசரப்படுத்துவார். அவருக்கும் கணக்கு இருக்கிறது, தவறு சொல்ல முடியாது.

உடையும் செருப்பும்

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடற்கரையிலிருந்து நேராக வரும் இளைஞர்கள் அரைக்கால்சட்டையில் வந்து வாசலில் தடுமாறுவது வழக்கமான காட்சி. மெல்லிய துண்டு அல்லது சால்வை இரண்டைப் பையில் வைத்திருங்கள், யாருக்காவது தேவைப்படும். ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும்.

செருப்பு விஷயத்தில் நம் வழக்கமும் அவர்கள் வழக்கமும் வேறு. நம் ஊர்களில் பல கோவில்களில் செருப்பை வெளியே விட்டுப் போகிறோம். கோவாவில் செருப்போடுதான் உள்ளே போவார்கள், அது அங்கே அவமரியாதை அல்ல. பாட்டிக்கு மனம் ஒப்பவில்லை என்றால் கழற்றித் துணிப்பையில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளட்டும். வாசலில் விட்டால், வேறு வழியாக வெளியே வரும்போது சுடுகல்லில் வெறுங்காலோடு சுற்றி வர வேண்டியிருக்கும். முக்காடு போடுவதும் அப்படித்தான். அங்கே பெரும்பாலும் போடுவதில்லை, போட்டால் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதும் இல்லை.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு குடை, சிறிய பைனாகுலர் ஒன்று. இந்தக் கடைசிப் பொருளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே முக்கியமானவை எல்லாம் தலைக்கு மேலே இருக்கின்றன.

யார் பேசுவது, எங்கே பேசுவது

குழுவில் ஒருவரை முன்கூட்டியே படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். வழிகாட்டிகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசுவார்கள். அதை உள்ளேயே தமிழில் பெயர்த்துச் சொன்னால் சத்தம் இரண்டு மடங்காகும். உயர்ந்த கூரையில் பட்டுக் குரல் எதிரொலிக்கும், கடைசி வரிசையில் கிசுகிசுத்தாலும் முன்வரிசையில் செபிப்பவருக்குக் கேட்கும். அதனால் விதி ஒன்றே ஒன்று: சொல்ல வேண்டியதை எல்லாம் வெளியே புல்தரையில் சொல்லுங்கள், உள்ளே பார்க்க மட்டும் செய்யுங்கள். பத்து நிமிடப் பேச்சு போதும். அதற்கு மேல் போனால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் முகப்பைக் காட்டுங்கள். கட்டடம் செம்புரைக்கல்லால் ஆனது. புதுக்கோட்டைப் பக்கம் செம்புராங்கல் என்பார்களே, அதே இனம். வெட்டும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப்பட்டு இறுகும். ஆனால் உடம்பெல்லாம் துளை, மழைநீரை உறிஞ்சும். அதனால்தான் கோவாவின் கோவில்களுக்குச் சுண்ணாம்பு பூசினார்கள். இந்தக் கோவிலும் முதலில் பூச்சோடுதான் இருந்தது. 1950களில், பழைய தோற்றம் கொடுக்கிறோம் என்று அதை உரித்துவிட்டார்கள். இன்று எல்லோரும் மெச்சும் இந்தச் சிவப்பு, கட்டியவர்கள் நினைத்த நிறம் அல்ல. பூச்சில்லாத கல் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கல்லைத் தொட்டுச் சுரண்டாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்கள்.

முகப்பைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். மூன்று வாசல்கள், அவற்றுக்கு மேல் மூன்று பெரிய சன்னல்கள், அதற்கும் மேல் மூன்று வட்டச் சன்னல்கள். உச்சியில் IHS என்ற மூன்று எழுத்துகள். இயேசுவின் பெயரைக் கிரேக்கத்தில் சுருக்கி எழுதியது அது, இயேசு சபையின் சின்னம். இது இயேசு சபையார் கட்டிய கோவில். 1594 நவம்பர் 24 அன்று அடிக்கல், 1605 மே 15 அன்று அர்ச்சிப்பு, அதாவது வழிபாட்டுக்குப் புனிதப்படுத்தியது. இடப்பக்கம், அதாவது வடக்கே நடந்து போனால் சுவரைத் தாங்கும் மூன்று பெரிய முட்டுகள் தெரியும். மணிக்கோபுரம் முகப்பில் இல்லை, பின்பக்கம் இருக்கிறது. முகப்பில் கோபுரம் இல்லாத இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எதிரேயுள்ள சேயோடு ஒப்பிட உதவும்.

உள்ளே

நுழைந்ததும் தீர்த்தத் தொட்டி. கத்தோலிக்கர்கள் விரல்நுனியை நனைத்துச் சிலுவை அடையாளம் வரைவார்கள். மற்ற நண்பர்கள் விருப்பப்பட்டால் செய்யலாம், செய்யாமலும் போகலாம். ஆனால் அது உள்ளங்கையில் ஏந்திக் குடிக்கும் தீர்த்தம் அல்ல. சொல்லே குழப்புவதால் இதை முன்பே விளக்கிவிடுங்கள்.

வாசலுக்கு உள்ளே, பாடகர் மாடத்தின் அடியிலேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். எல்லோரும் பொன்னிறப் பீடத்தைப் பார்த்து நேராக நடந்துவிடுவதால் இங்கே இருப்பவற்றைத் தவறவிடுகிறார்கள். வலப்பக்கம் அந்தோனியார் பீடம், இடப்பக்கம் மரத்தில் செதுக்கிய சவேரியார் சுரூபம். மாடத்தைத் தாங்கும் தூண்களில் கோவில் தொடங்கிய நாளும் அர்ச்சித்த நாளும் போர்ச்சுகீசியத்திலும் லத்தீனிலும் பொறிக்கப்பட்டிருக்கும். வெளியே சொன்ன ஆண்டுகளை இங்கே கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

நடுவில் இடச்சுவரில் ஒரு நினைவுச்சின்னம். கொச்சிக் கோட்டையின் தளபதியாக இருந்து 1593இல் இறந்த ஜெரோனிமோ மஸ்கரேனியஸ் என்பவருடையது. அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் இந்தக் கோவில் கட்டப்பட்டது. நேர் எதிரே வலச்சுவரில் மரத்தாலான பிரசங்க மேடை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் குரல் கூட்டத்தின் நடுவிலிருந்து எழ வேண்டும் என்பதால் அது பீடத்தில் இல்லாமல் நடுச்சுவரில் இருக்கிறது. தலைக்கு மேலுள்ள கூரை குரலை மேலே போகவிடாமல் மக்கள் பக்கம் தள்ளும். பக்கங்களில் இயேசு, நான்கு நற்செய்தியாளர்கள், நான்கு மறைவல்லுநர்கள். அடியில் ஏழு உருவங்கள் மேடையைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. ஏழையும் எண்ணச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கோவிலில் மிகவும் பிடிப்பது இதுதான்.

பிறகு நடுப்பீடம். தரையிலிருந்து கூரை வரை பொன். ‘எத்தனை கிலோ தங்கம்?’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். தங்கக் கட்டி அல்ல, மரத்தில் செதுக்கி மேலே பொன் தகடு ஒட்டியது. தகடு மிக மெல்லியது, விரல் பட்டாலே உரியும். படிப்பதற்குக் கீழிருந்து தொடங்குங்கள். கீழே சின்னதாகக் குழந்தை இயேசு. ‘போம் ஜீசஸ்’ என்றால் நல்ல இயேசு, கோவிலின் பெயர் அவருடையதுதான். அவருக்கு மேலே மிகப் பெரிதாக இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். அவர் அண்ணாந்து பார்ப்பது முகப்பில் பார்த்த அதே IHS. அதற்கும் மேலே மூவொரு கடவுள். பைனாகுலரை இங்கே சுற்றுக்கு விடுங்கள். சிவப்பு விளக்கு எரியும் இடத்தில், திருப்பலியின் புனித அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழை இருக்கும். அதன் முன்னால் கத்தோலிக்கர்கள் ஒரு முழந்தாளிட்டு எழுவார்கள். மற்றவர்கள் தலை தாழ்த்தினால் போதும்.

சவேரியாரின் பேழை

பீடத்தைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் சவேரியார் சிற்றாலயம். இங்கேதான் நெரிசல். சங்கிலிக்கு முன்னால் நின்று கழுத்தை ஒடித்துக்கொண்டு அரை நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கிட்டே போகப் போகக் குறைவாகத்தான் தெரியும், ஏனென்றால் பேழை உயர்ந்த மேடையின் உச்சியில் இருக்கிறது. நாலைந்து எட்டு பின்வாங்கி, கொஞ்சம் சாய்வாக நில்லுங்கள். வெள்ளிப் பேழையின் பக்கங்களும் கண்ணாடியும் அப்போதுதான் கண்ணுக்குள் வரும்.

இரண்டு நாடுகளின் வேலை இங்கே ஒன்றின் மேல் ஒன்று நிற்கிறது. மேலே இருக்கும் வெள்ளிப் பேழை கோவாவின் தட்டார்கள் 1636, 37 ஆண்டுகளில் செய்தது. அதில் அவருடைய வாழ்க்கைக் காட்சிகள் தகடு தகடாக அடிக்கப்பட்டுள்ளன. கீழே இருக்கும் பளிங்கு மேடை இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் ஃபொஜினி என்ற சிற்பி செய்தது. டஸ்கனியின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ அனுப்பிய காணிக்கை. சவேரியாரின் தலைக்கு வைத்திருந்த தலையணை ஒன்று கோசிமோவுக்குப் போய்ச் சேர்ந்தது, அதற்கு நன்றியாக இது வந்தது. துண்டு துண்டாகக் கப்பலில் வந்து 1698இல் பூட்டப்பட்டது. மேடையின் நான்கு பக்கமும் வெண்கலப் பலகைகள்: போதிக்கிறார், திருமுழுக்குக் கொடுக்கிறார், துரத்தும் கூட்டத்திடமிருந்து தப்புகிறார், கடைசியில் சீனக் கரையருகே சான்சியன் தீவில் இறக்கிறார். முத்துக்குளித்துறையைப் பற்றிப் பாட்டி அறிந்த கதைகளை முதல் இரண்டு பலகைகளோடு சேர்த்துக் கேளுங்கள். குழுவில் இதை விளக்கத் தகுந்தவர் அவர்தான்.

உடலைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள், மழுப்ப வேண்டாம். அவர் 1552 டிசம்பர் 3 அன்று இறந்தார். முதலில் அந்தத் தீவிலேயே அடக்கம். பிறகு மலாக்காவுக்கும், 1554 மார்ச்சில் கோவாவுக்கும் கொண்டுவரப்பட்டது. மாதக்கணக்கில் கடந்தும் உடல் கெடவில்லை என்பதைக் கண்டவர்கள் புதுமையாகக் கொண்டார்கள், நம்பிக்கையாளர்கள் இன்றும் அப்படியே போற்றுகிறார்கள். இன்று இருப்பது காலத்தால் உலர்ந்து சுருங்கிய உடல். முழுமையாகவும் இல்லை. வலக்கையின் ஒரு பகுதி 1614இல் எடுக்கப்பட்டு ரோம் நகரில் இயேசு சபையின் தலைமைக் கோவிலில் இருக்கிறது. உடலை மாற்றிவிட்டார்கள் என்ற வதந்தியை அடக்கத்தான் 1782இல் முதன்முதலாகப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டினார்கள்.

இங்கே குழுவை இரண்டாகப் பிரியுங்கள். செபிக்க விரும்புகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளட்டும், இருபது நிமிடம் யாரும் கூப்பிடக் கூடாது. மற்றவர்கள் பக்கவழியாகச் சக்ரீஸ்து (குருக்கள் பூசைக்குத் தயாராகும் அறை) இருக்கும் பகுதிக்கும், உள்முற்றத்துக்கும் போய்வரலாம். சந்திக்கும் இடத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ‘வாசலில்’ என்று சொன்னால் போதாது, உள்ளே வந்த வழியும் வெளியே போகும் வழியும் வேறாக இருக்கலாம். முன்புறப் புல்தரையில் கண்ணில் படும் ஏதாவது ஒன்றைச் சொல்லி அடையாளம் வையுங்கள்.

வழியில் மெழுகுவர்த்தியும் மாலையும் விற்பவர்கள் கையில் திணிப்பார்கள். வாங்கும் முன் எங்கே ஏற்றலாம் என்று காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மரமும் பொன்தகடும் நிறைந்த இடம், பீடத்தருகே யாரும் தீ ஏற்ற விடமாட்டார்கள். படம் எடுப்பதற்கான விதி வாசல் பலகையில் இருக்கும், நுழையும் முன் படியுங்கள். ஃபிளாஷ் கூடாது. ஆட்களைப் பீடத்தின் முன் நிறுத்திப் படம் எடுப்பதைத் தடுக்கிறார்கள், அது சரியான தடை என்றே சொல்ல வேண்டும்.

திடீரென்று திருப்பலி தொடங்கினால்

நடமாட்டத்தை நிறுத்திவிடுங்கள். ஒன்று, ஓசையின்றி வெளியே வாருங்கள். இல்லாவிட்டால் கடைசிப் பெஞ்சில் உட்காருங்கள். மற்றவர்கள் எழுந்தால் எழுங்கள், அமர்ந்தால் அமருங்கள். கொங்கணியில் நடந்தாலும் திருப்பலியின் அமைப்பு ஒன்றுதான், நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரியும். பக்கத்தில் இருக்கும் நண்பருக்கு அதற்குமேல் மொழிபெயர்க்க வேண்டாம்.

பிற சமய நண்பர்களுக்கு முன்பே சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. கடைசியில் எல்லோரும் வரிசையாகப் போய் அப்பம் வாங்குவார்கள். கோவிலில் கொடுப்பதை மறுக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் நம் நண்பர்களும் பிரசாதம் என்று நினைத்து வரிசையில் நின்றுவிடுவார்கள். அது நற்கருணை. இயேசுவின் உடல் என்று கத்தோலிக்கர்கள் நம்பி வாங்குவது, அவர்களுக்குள்ளும் தகுந்த தயாரிப்போடு இருப்பவர்களுக்கு மட்டும் உரியது. கையில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தால் பெரிய சங்கடமாகிவிடும். ‘அந்த நேரத்தில் நீ உட்கார்ந்தே இரு, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்’ என்று வண்டியிலேயே சொல்லிவிடுங்கள்.

சாலைக்கு அந்தப் பக்கம்

போம் ஜீசஸுக்கு ஒன்றேகால் மணி நேரம் கொடுத்திருந்தால், சே கதீட்ரலுக்கு முக்கால் மணி போதும். நடந்தே போகலாம், சில நிமிடங்கள்தான். நிழல் குறைவு, முதியவர்களுக்குக் குடை பிடியுங்கள். கழிப்பறை வேலையை இந்த இடைவெளியில் முடித்துக்கொள்ளுங்கள்.

வெளியே நின்றதும் கேளுங்கள்: ‘இந்த முகப்பில் என்ன குறைகிறது?’ வலப்பக்கக் கோபுரம் இல்லை. 1776இல் விழுந்துவிட்டது, திரும்பக் கட்டவில்லை. மிச்சமிருக்கும் இடக்கோபுரத்தில் தொங்குவது ‘பொன்மணி’, கோவாவின் மிகப் பெரிய மணி. 1562இல் தொடங்கிய கட்டடம் 1619இல் நிறைவுற்றது, பீடங்கள் முடிய 1652 ஆனது. 76 மீட்டர் நீளம். உள்ளே போனதும் போம் ஜீசஸோடு உள்ள வேறுபாடு கண்ணில் அறையும். அது ஒரே கூடம், இது நடுக்கூடமும் இரு பக்கவழிகளும் வரிசையாகச் சிற்றாலயங்களும் கொண்ட ஆயரின் கோவில். அலெக்சாந்திரியா கத்தரீனம்மாளுக்கு அர்ச்சிக்கப்பட்டது. காரணம், போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க் கோவாவைப் பிடித்த 1510 நவம்பர் 25 அவருடைய திருநாள். நடுப்பீடத்தின் பலகைகளில் அவர் கதை இருக்கிறது. பக்கத்து அசிசியார் கோவிலில் தரையைப் பாருங்கள், குடும்பச் சின்னங்கள் செதுக்கிய கல்லறைக் கற்கள் பாவியிருக்கும். கோவிலை ஒட்டிய மடத்தில் அருங்காட்சியகம். பிள்ளைகள் சோர்ந்திருந்தால் அதை விட்டுவிடலாம்.

மதியம் நல்ல சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் பனாஜிக்குத் திரும்புவதுதான் நல்லது. பழைய கோவாவில் இருப்பவை சின்னக் கடைகள், பன்னிரண்டு பேர் ஒன்றாக உட்கார இடம் கிடைப்பது கடினம். தயிர்ச்சாதமும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு வந்திருந்தால் மரநிழலில் சாப்பிடலாம், ஆனால் கோவில் வளாகத்துக்குள் இலையை விரிக்காதீர்கள்.

இடிபாடு

மூன்று மணிக்கு மேல், போம் ஜீசஸுக்கு மேற்கேயுள்ள குன்றில் அகுஸ்தீனார் கோவிலின் இடிபாட்டுக்குப் போங்கள். செம்புரைக்கல் கோபுரம் ஒன்று 46 மீட்டர் உயரத்துக்குத் தனியே நிற்கிறது. 1602இல் எழுந்த கோவில். 1835இல் துறவற சபைகளைப் போர்ச்சுகீசிய அரசு வெளியேற்றியது, ஆளில்லாமல் போனதும் 1842இல் கூரை இடிந்து விழுந்தது. கட்டடத்தைக் கொல்வது மழை மட்டுமல்ல, ஆளில்லாமல் விடுவதும்தான் என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். 1624இல் பாரசீகத்தில் கொல்லப்பட்ட ஜார்ஜியாவின் கெத்தெவான் அரசியின் எலும்பு இங்கே அகழ்வில் கிடைத்தது. ஐதராபாத் ஆய்வுக்கூடத்தில் மரபணு சோதித்து உறுதி செய்தார்கள். 2021இல் இந்தியா அதன் ஒரு பகுதியை ஜார்ஜியாவுக்கு வழங்கியது. சுவர்மேல் ஏறிப் படம் எடுக்க இளைஞர்களை விடாதீர்கள், கல் உதிரும். நடக்க முடியாதவர்கள் வண்டியிலேயே இருக்கட்டும். கோபுரம் அங்கிருந்தே தெரியும்.

இறங்கி வரும்போது போம் ஜீசஸின் முகப்பில் வெயில் விழுந்திருக்கும். குடும்பப் படத்தை இப்போது எடுங்கள். நடுவாசலுக்கு நேராக, முகப்பின் உயரம் முழுதும் அடங்கும் அளவுக்குத் தள்ளி நின்று, ஆட்களை ஒரு பக்கமாக நிறுத்துங்கள். நடுவில் நிறுத்தினால் வாசல் மறைந்துவிடும்.

பனாஜிக்குத் திரும்பியதும் அங்குள்ள அமலோற்பவ அன்னை கோவிலின் முன் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். வெள்ளைக் கோவில், இரு பக்கமும் மடிந்து மடிந்து ஏறும் படிக்கட்டு. பாட்டி ஏற வேண்டியதில்லை, கீழே நின்றாலே உச்சியில் தொங்கும் பெரிய மணி தெரியும். பிற்பகலில் பார்த்த அந்த இடிந்த கோபுரத்தில் இருந்த மணி அது. 1871இல் இங்கே ஏற்றினார்கள். மாலைச் செபத்துக்கு அடிக்கும்வரை இருந்து கேட்டுவிட்டுப் போங்கள்.